145ஆம் தெருத் திட்டம்: ஹார்லம் எதிர்த்தது சரியா?

கதிரவன்:
நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் ஹார்லமில், லெனாக்ஸ் அவென்யூவும் 145ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில், 900க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடங்களை எழுப்ப ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. குறைந்த வாடகை வீடுகள் போதவில்லை என்று அப்பகுதியின் நகர மன்ற உறுப்பினர் கிறிஸ்டின் ரிச்சர்ட்சன் ஜோர்டன் எதிர்க்கவே, 2022இல் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. 2023 ஜனவரியில் அதே மனையில் லாரி நிறுத்துமிடம் திறக்கப்பட்டது. ஏற்கெனவே ஆஸ்துமா மிகுந்த பகுதி அது. வீடு வரவேண்டிய இடத்தில் டீசல் புகை வந்ததை வெற்றி என்று கொண்டாடியவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

மலர்விழி:
லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தியவர் மனையின் உரிமையாளரே தவிர, எதிர்த்த குடியிருப்பாளர்கள் அல்லர். "குறைந்த வாடகை" என்று எதைச் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அந்த வரம்பு ஹார்லம்வாசிகளின் வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. நகரம் முழுவதையும், அதற்கு வெளியே உள்ள வசதியான மாவட்டங்களையும் சேர்த்து மத்திய அரசு நிர்ணயிக்கும் இடைநிலை வருமானமே அதற்கு அடிப்படை. 2024இல் மூவர் கொண்ட குடும்பத்துக்கு அது 1,39,800 டாலர். மத்திய ஹார்லமின் பெரும்பாலான குடும்பங்கள் அதற்கு வெகு கீழே இருக்கும்போது, அதில் 80 விழுக்காடு என்று வரம்பு வைத்தாலும், அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர் விண்ணப்பப் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மக்களின் அவநம்பிக்கைக்கும் காரணம் இருக்கிறது. 1970களில் வீட்டு உரிமையாளர்கள் வரி கட்டாமல் கட்டடங்களைக் கைவிட்டுச் சென்றபோது, வெந்நீரும் வெப்பமூட்டியும் இல்லாத வீடுகளில் தங்கி அந்த ஊரை உயிரோடு வைத்திருந்தவர்கள் வாடகைக்குக் குடியிருந்த கறுப்பின மக்கள்தான். ஊர் தேறிய பிறகு, 2008இல் 125ஆம் தெருவின் கட்டட விதிகளை மாற்றி உயர்ந்த கட்டடங்களுக்கு வழி திறந்தார்கள். 2017இல் அத்தெருவின் லெனாக்ஸ் மூலையில், வசதியுள்ளவர்கள் நாடும் ஹோல் ஃபுட்ஸ் உணவுப்பொருள் அங்காடியும் வந்தது. பரந்த ஹார்லம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே கறுப்பினத்தவர் பாதிக்கும் கீழாகிவிட்டனர்.

கதிரவன்:
நீங்கள் சொல்லும் வரலாற்றை நான் மறுக்கவில்லை, ஆனால் அது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. புதிய அடுக்ககம் கட்டப்படாத தெருக்களிலும் மக்கள் வெளியேறியிருக்கிறார்களே? பணம் படைத்தவர் பழுப்புக்கல் முகப்புள்ள பழைய பிரவுன்ஸ்டோன் வரிசை வீட்டை வாங்கி, நான்கு குடித்தனங்கள் இருந்த இடத்தை ஒரே குடும்பத்துக்கான வீடாக மாற்றிக்கொண்டால் அதற்கு நகர மன்றத்தின் ஒப்புதலோ பொது விவாதமோ தேவைப்படுவதில்லை. வீடுகள் குறைந்தால் வசதியுள்ளவன்தான் முதலில் உள்ளே வருவான்.

தாமோதரன்:
இருவரும் வாடகையையே பேசுகிறீர்கள், உடைமையைப் பேசவில்லை. வரி நிலுவைக்காக நகராட்சி கையகப்படுத்திய கட்டடங்கள் பலவற்றைக் குடியிருப்போரே சங்கமாகக் கூடி நிர்வகித்து, பின்னர் வீடு ஒன்றுக்கு வெறும் 250 டாலர் கொடுத்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். ஹார்லமில் இன்றும் வேரோடு நிற்பவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். வாங்குவோருக்கு வருமான வரம்பு உண்டு என்பதால் அந்த வீடுகளைச் சந்தை விலைக்கு விற்பது எளிதல்ல. பிள்ளைகளுக்குச் சொத்துச் சேர்த்து வைக்கும் உரிமை எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று அவர்களில் சிலரே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், எனக்கு இன்னும் தெளிவான விடை இல்லை.

மலர்விழி:
தாமோதரன் ஐயா சொன்னதை ஏற்கிறேன். கதிரவன் அவர்களுக்கு ஒன்று: அந்த மனைக்கான திருத்தப்பட்ட திட்டம், கூடுதலான குறைந்த வாடகை வீடுகளுடன், புதிய உறுப்பினர் யூசெஃப் சலாமின் காலத்தில் 2025இல் ஒப்புதல் பெற்றது. முதல் விண்ணப்பத்துக்கே தலையாட்டியிருந்தால் அந்த வீடுகள் கிடைத்திருக்குமா? வீடுகள் வந்தாலும் அவற்றில் யார் குடியேறுவார்கள் என்பது வேறு கேள்வி. குறைந்த வாடகை வீடுகளுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் பாதி வீடுகளை உள்ளூர்வாசிகளுக்கு ஒதுக்கும் முறை, 2024இல் ஒரு வழக்கின் சமரசத்தால் 20 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது.

கதிரவன்:
அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் கறுப்பினப் பெண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். உள்ளூர் ஒதுக்கீடு ஹார்லம்வாசிக்கு ஹார்லமில் உதவிய அதே வேளையில், வெள்ளையர் மிகுந்த வட்டாரங்களின் குலுக்கலில் அவரைப் பின்வரிசைக்குத் தள்ளியது. நல்ல பள்ளியும் பூங்காவும் உள்ள அந்த வட்டாரங்கள் ஆண்டுக்கணக்காகப் புதிய வீடு எதையும் கட்டவிடாமல் தடுத்து வருகின்றன. நான் எதிர்ப்பதாயிருந்தால் முதலில் அங்கே போய்த்தான் எதிர்ப்பேன்.

மலர்விழி:
போங்கள், நானும் வருகிறேன். அதுவரை 145ஆம் தெருவில் பேரம் பேச வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.