லுக்ரீஷியஸை வாசித்தவர்கள் பற்றி ஒரு உதவி

நண்பர்களே, பண்டைய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் ‘பொருள்களின் இயல்பு’ லத்தீன் காவியத்தை ஆங்கிலம் வழியாகப் படித்து வருகிறேன். சாவுக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்கும் மூன்றாம் பாகம் ஆளை உலுக்கிவிடுகிறது. 1417இல் இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ அந்தக் காவியத்தின் பழைய ஏட்டைக் கண்டெடுத்த கதை எங்கும் கிடைக்கிறது, அது போதும். எனக்கு வேண்டியது பிற்கால வாசகர்கள். அச்சில் வந்த பிறகும் இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி நூல் முழுவதையும் கைப்பட எழுதி வைத்தார். அணுக்கள் சற்றே விலகி விழுகின்றன என்று லுக்ரீஷியஸ் சொல்லும் இடத்தில் ஓரக்குறிப்பும் போட்டிருக்கிறார். பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோந்தேன் வைத்திருந்த பிரதியிலும் குறிப்புகள் மண்டிக் கிடக்கின்றன. ஆங்கிலேயக் கவிஞர் லூசி ஹட்சின்சனோ ஆங்கிலத்தில் ஏறக்குறைய முழுதும் பெயர்த்துவிட்டு, 1675இல் அதையே திட்டி முன்னுரை எழுதினார் (எனக்கு இவர்தான் பிடித்தவர்!).

இந்த ஓரக்குறிப்புகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஹட்சின்சனின் முன்னுரை இரண்டும் இலவசமாக எங்கே படிக்கலாம்? லுக்ரீஷியஸ் பற்றித் தமிழில் கட்டுரை ஏதும் கண்ணில் பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். எனக்கு லத்தீன் தெரியாது.