ராணுவ மெடிக்குக்குச் சாக்ஸ் பரிசு: மரியாதையா, மலிவா?

பொன்னி:
அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். நவம்பர் 11, முன்னாள் வீரர்களைக் கௌரவிக்கும் வெட்டரன்ஸ் டே அன்று, எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓய்வுபெற்ற ராணுவ மெடிக் ஒருவருக்கு சாக்ஸ் கொடுக்கப்போகிறார்கள். படத்தைப் பார்த்தேன். கறுப்பு நிறம். கணுக்காலில் சிவப்புச் சிலுவை, உள்ளங்காலில் அமெரிக்கக் கொடி, மேலே ‘ஓய்வு பெற்றாலும் உயிர் காப்பேன்’ என்ற அர்த்தத்தில் ஒரு வரி. குண்டு மழைக்கு நடுவே ஓடிப்போய் அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்ட மனிதருக்கு இதுதானா பரிசு? கொடியைக் காலில் போட்டு மிதிக்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. வேண்டாம் என்று சொல்லலாமா?

இளம்பரிதி:
சொல்லாதீர்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த மூத்த புஷ்ஷை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானி, 1944ல் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. வண்ண சாக்ஸ் என்றால் அவருக்கு உயிர். 2018 ஏப்ரலில் மனைவி பார்பராவின் இறுதிச் சடங்குக்குப் புத்தகப் படம் போட்ட சாக்ஸோடு வந்தார், எழுத்தறிவுக்காக அந்த அம்மா உழைத்ததற்காக. அதே வருடம் டிசம்பரில் அவரை அடக்கம் செய்தபோது காலில் இருந்தது, அணிவகுத்துப் பறக்கும் விமானங்கள் போட்ட சாக்ஸ். கடற்படை நாட்களுக்கான மரியாதை அது. ஒரு ஜனாதிபதியின் கடைசிப் பயணத்துக்கே பொருந்தியது, ஒரு மெடிக்குக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

பொன்னி:
அது அவர் ஆசை, அவர் பழக்கம். இங்கே இன்னொருவர் காலுக்கு நாங்கள் தீர்மானிக்கிறோம். கொடியை உடையாகப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கக் கொடி விதிகளே சொல்கின்றன. மீறினால் தண்டனை கிடையாது, சரி. அதற்காகக் கொடுக்க வேண்டுமா?

கௌதமி:
கொடியை விடுங்கள், சிவப்புச் சிலுவைதான் பெரிய சிக்கல். வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை என்பது ஜெனீவா ஒப்பந்தங்களின்படி பாதுகாக்கப்பட்ட சின்னம். போர்க்களத்தில் ‘இவரைச் சுடாதே’ என்று சொல்வது அதுதான். அமெரிக்கச் சட்டத்தில் அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்துவது குற்றம், அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். ஜான்சன் அண்ட் ஜான்சன் மாதிரி 1905க்கு முன்பிருந்தே பயன்படுத்தி வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ராணுவத்தின் மற்ற சின்னங்களைப் போடவும் முறையான உரிமம் வேண்டும். உரிமத்தில் வருகிற பணத்தில் செலவு போக மிச்சம் வீரர்கள் நலனுக்குப் போகிறது. உரிமம் வாங்காத சரக்கு என்றால், யாரைக் கௌரவிக்கிறதாகச் சொல்கிறோமோ அவர்களுக்கே அதில் ஒன்றும் போய்ச் சேராது.

இளம்பரிதி:
சிலுவையும் வேண்டாம், கொடியும் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெடிக்குகளைத் தனியாக யார் கொண்டாடுகிறார்கள்? டெஸ்மண்ட் டாஸ் பெயர் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் ஒகினாவா தீவில் ஆயுதமே ஏந்தாமல் 75 பேர் வரை காப்பாற்றிய மெடிக், 1945ல் அமெரிக்காவின் மிக உயரிய ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் வாங்கியவர். மற்ற ஆயிரக்கணக்கானவர்கள்? என் பக்கத்து வீட்டுக்காரர் வியட்நாமில் மெடிக்காக இருந்தவர். பேரப் பிள்ளைகள் வாங்கித் தந்த ‘டாக்’ (‘டாக்டர்’ என்பதன் சுருக்கம், மெடிக்கை வீரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்று எழுதிய சாக்ஸைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். சுவரில் மாட்டிய கேடயத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. சாக்ஸைப் பார்த்து யாராவது கேட்டால் பேசுவார்.

வைகறை:
முன்னாள் வீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருக்கிறேன். இங்கே எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், காலைப் பற்றி யாரும் பேசவில்லை. மெடிக்கின் வேலை குண்டடிக்குக் கட்டுப் போடுவது மட்டும் இல்லை. பூட்ஸைக் கழற்றச் சொல்லிக் கால்களைப் பார்ப்பதும், ஈர சாக்ஸை மாற்ற வைப்பதும் அவர் வேலைதான். 1944–45 குளிர்காலத்தில் ஐரோப்பாவில் ஈரத்திலும் குளிரிலும் கால் கெட்டுப்போய், கிட்டத்தட்ட 45,000 அமெரிக்க வீரர்களைப் போர்முனையிலிருந்து திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அதனால் சாக்ஸ் என்பது மெடிக்குக்குச் சம்பந்தமில்லாத பொருள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது அந்தச் சாக்ஸை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். நெய்த படம் போட்ட சாக்ஸில் உள்ளே நூல்கள் தளர்வாகக் குறுக்கே ஓடும். விரல் அதில் மாட்டும். மேலே இறுக்கமான எலாஸ்டிக், விரல் நுனியில் தடித்த தையல். முன்னாள் வீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குத் தையல் உரசிப் புண் ஆனாலும் தெரியாது. வெள்ளை சாக்ஸ் என்றால் ரத்தக் கறை உடனே கண்ணில் படும், கறுப்பில் படாது. சின்னப் புண் பெரிதாகி விரலை எடுக்கும் நிலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். செயற்கைக் கால் வைத்தவர்களும் நிறையப் பேர். அவர்களுக்கு வேண்டியது துண்டித்த காலுக்குப் போடும் தனி உறை. ஜோடி சாக்ஸை நீட்டினால் அவர் என்ன செய்வார், யோசித்தீர்களா?

இளம்பரிதி:
நியாயமான பேச்சு. ஆனால் இதெல்லாம் நல்ல சாக்ஸாகப் பார்த்து வாங்கச் சொல்கிற காரணங்கள்தானே? கொடுக்காதே என்பதற்கான காரணம் இல்லையே.

பொன்னி:
காரணம் அந்த வரியில் இருக்கிறது, இளம்பரிதி. ‘உயிர் காப்பேன்.’ காப்பாற்ற முடியாமல் போனவர்களை ஒரு மெடிக் மறந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? எங்கள் அலுவலக மனிதர் ஒரே ஒரு தடவை அதைப் பற்றி வாயைத் திறந்தார். ஒரு பெயரைச் சொன்னார், அதற்கு மேல் பேசவில்லை. அவரிடம் போய், எல்லோர் முன்னாலும் கேக் வெட்டுகிற இடத்தில், ‘இந்தாங்க, உயிர் காப்பவரே’ என்று சிரித்துக்கொண்டே கொடுப்பதா? வீட்டில் பேரப் பிள்ளை கொடுத்தால் அது வேறு. அலுவலகத்தில் அவரால் வேண்டாம் என்று கூடச் சொல்ல முடியாது.

கௌதமி:
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கொடியை விட இது ஆழமாகத் தைக்கிறது.

இளம்பரிதி:
அந்த வரி வேண்டாம், எடுத்துவிடுங்கள். ஆனால் காயம் இருக்கும் என்று பயந்து பேச்சே கொடுக்காமல் விட்டால், அவர்கள் இன்னும் தனியாகிப் போவார்கள். நான் பார்த்தவர்களில் பலருக்கு மௌனம்தான் பாரம்.

வைகறை:
அதற்கு சாக்ஸ் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தாலே போதும். சாக்ஸ்தான் வேண்டுமென்றால், முன்கூட்டியே அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்: பிடிக்குமா, கால் அளவு என்ன, சர்க்கரை உண்டா. தையல் உறுத்தாத, கணுக்காலை இறுக்காத, வெளிர் நிறப் பருத்தி சாக்ஸாக இருக்கட்டும். எதையாவது எழுதியே ஆக வேண்டும் என்றால், அவர் சம்மதித்தால் அவருடைய படைப்பிரிவின் பெயர் போதும். அலுவலகத்தில் மிச்சம் பணம் இருந்தால், வீடில்லாத முன்னாள் வீரர்களுக்காக 1988ல் சான் டியாகோவில் தொடங்கிய ‘ஸ்டாண்ட் டவுன்’ முகாம்கள் இன்று பல ஊர்களில் நடக்கின்றன, அங்கே கொடுங்கள். படம் இல்லாத சாதா சாக்ஸாக, மூட்டையாக.

பொன்னி:
திங்கட்கிழமை அவரிடமே கேட்கிறேன். அவர் வேண்டாம் என்றால் முகாமுக்கு அனுப்பச் சொல்லி நிர்வாகத்திடம் பேசுவேன். அந்தக் கறுப்பு ஜோடியை எப்படியும் நிறுத்தத்தான் போகிறேன்.

இளம்பரிதி:
கேளுங்கள். வேண்டும் என்று சொன்னால், எல்லோர் முன்னாலும் கொடுப்பதா தனியாகவா என்பதையும் அவரிடமே விடுங்கள். கூட்டத்தில் கைதட்டு வாங்க அவருக்கு ஆசை இருக்கக் கூடாதா என்ன?