மறுமொழி: தூசு உறிஞ்சி ‘இழுக்கவில்லை’ – கண்ணடைப்பு என்று சொல்லலாமா?

வீட்டுப் பழுதுகளுக்கான கையேட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழும நண்பர்களுக்கு வணக்கம். தூசு உறிஞ்சி (வாக்குவம் கிளீனர்) பற்றிய பேச்சுக்கு இது என் மறுமொழி.

> “மிஷின் இழுக்க மாட்டேங்குது என்றுதான் வீட்டில் சொல்கிறோம். ஆகவே ‘இழுவைக் குறைவு’ என்றே வைத்துவிடலாம்.”

கோவை ஐயா எழுதிய இந்த வரியில் பாதியை மனமார ஏற்கிறேன். சொல்லை மக்கள் வாயிலிருந்து எடுக்க வேண்டும். ஆனால் இழுவை என்ற சொல்லுக்கு எங்கள் கரையில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இழுவை என்றால் விசைப்படகில் போய் மடிவலை இழுக்கும் தொழில். ‘இழுவை குறைவு’ என்று கரையில் நின்று சொன்னால் மீன் படவில்லையா, படகு போகவில்லையா என்று கேட்பார்கள்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ‘இழுக்கவில்லை’ என்பது வீட்டுக்காரர் சொல்லும் புகார். கோளாறு எங்கே என்று அது காட்டாது. பை நிறைந்தாலும் இழுக்காது, குழாயில் துணி சிக்கினாலும் இழுக்காது, ஃபில்டர் அடைந்தாலும் இழுக்காது. மூன்றுக்கும் கை வைக்க வேண்டிய இடம் வேறு. அந்த இடத்தைக் காட்டுகிற சொல்தான் பழுது பார்க்கும் கையேட்டுக்கு உதவும்.

கருவி என்ன செய்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். மோட்டார் சுழற்றும் விசிறி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று அந்தப் பக்கம் பாயும்போது தூசையும் அள்ளிக்கொண்டு போகிறது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். வீட்டுக்கருவி அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே பெரிது. எனவே பெயரில் ‘வெற்றிடம்’ சேர்ப்பது வீண் சுமை. தூசு உறிஞ்சி போதும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை.

உறிஞ்சுவது பாதி வேலைதான். உறிஞ்சிய காற்றிலிருந்து தூசைப் பிரிப்பது மறுபாதி. 1901-இல் லண்டனில் இந்தக் கருவியை உருவாக்கிய ஹூபர்ட் செசில் பூத், கைக்குட்டையை நாற்காலி மெத்தைமேல் விரித்து, அதன்மேல் வாய் வைத்து உறிஞ்சிப் பார்த்தார் என்பார்கள். துணியின் அடிப்பக்கத்தில் அழுக்கு வட்டமாகப் படிந்ததாம். காற்றை விட்டுத் தூசைப் பிடித்தவை அந்தத் துணியின் நுண்துளைகள். அவற்றுக்கு நம்மிடம் பெயர் உண்டு: கண். சல்லடைக்குக் கண், வலைக்குக் கண். எங்கள் ஊரில் வலை வாங்கும்போது முதலில் கேட்பதே கண் எவ்வளவு என்றுதான். பாக் நீரிணையில் பாசி வந்து வலைக்கண்ணை அடைத்துவிட்டால் நீர் ஊடே போகாமல் வலையையே தள்ளும். ஃபில்டரிலும் அதுவேதான் நடக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: கண்ணடைப்பு. ‘தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்ற நன்னூல் விதிப்படி இயல்பாகச் சேர்கிறது. கூடவே குழாயடைப்பு, பை நிறைவு என்ற இரண்டையும் தனித்தனிப் பதிவாக வைக்கலாம். ‘வடிகட்டி அடைப்பு’ தவறில்லை. ஆனால் வடிகட்டி என்றதும் டீயும் தண்ணீரும்தான் நினைவுக்கு வருகின்றன. காற்றுக்குச் சல்லடை என்பதே எனக்குப் பிடிக்கிறது.

கடற்கரையில் இந்தக் கோளாறு உள்நாட்டு ஊர்களைவிடக் கடுமை. ஆடிக் காற்றில் சன்னலைச் சாத்தினாலும் மணல் உள்ளே வரும். மணலாவது தட்டினால் உதிரும். காற்றோடு வரும் உப்பு அப்படியல்ல. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும்; கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்பே கசியும். சல்லடையில் படிந்த தூசு இந்தக் கசிவில் களிபோலாகி, காய்ந்ததும் ஓடாக இறுகுகிறது. தட்டினால் போகாது. கழுவத்தக்க சல்லடை என்றால் நல்ல தண்ணீரில் அலசி, நன்றாக உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். காகிதச் சல்லடையைக் கழுவவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

கண்ணடைப்பா குழாயடைப்பா என்று அறிய எளிய வழி: குழாயைக் கழற்றிவிட்டு, கருவியின் வாயில் உள்ளங்கையை வையுங்கள். அங்கே பலமாகப் பிடித்தால் அடைப்பு குழாயில். அங்கேயும் மெலிந்திருந்தால் பையை, பிறகு சல்லடையைப் பாருங்கள். ஓசையும் சொல்லும். பாதை அடைந்தால் மோட்டார் திணறும் என்று தோன்றும். உண்மையில் தள்ளக் காற்று இல்லாததால் விசிறியின் சுமை குறைந்து வேகம் கூடும், சத்தம் கீச்சென்று உயரும். பல கருவிகளில் மோட்டாரைக் குளிர்விப்பதும் அதே காற்றுதான். அது வராவிட்டால் சூடேறி, வெப்பத் துண்டிப்பான் நிறுத்திவிடும். மோட்டார் எரிந்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இந்த நேரத்தில்தான். எங்கள் கருவிக்கும் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். சல்லடையை மாற்றியதும் ஓடியது. கண்ணடைப்பு என்ற சொல் கையேட்டில் இருந்தால் இன்னொரு குடும்பத்துக்கு அந்தச் செலவு மிச்சமாகும்.

– பாம்பனிலிருந்து

*

தம்பி,

கண்ணடைப்புக்கு என் முழுச் சம்மதம். தொண்டியிலும் வலைக்குக் கண் என்றுதான் சொல்கிறோம், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் மணலையும் உப்பையும் சொன்னீர்கள், ஈசலை விட்டுவிட்டீர்கள். ஐப்பசியில் மழை விட்ட அந்தியில் விளக்கைப் போட்டால் கூடம் முழுக்க ஈசல். சிறகை உதிர்த்துவிட்டு அவை ஊர்ந்து போய்விடும், சிறகுகள் தரையில் கிடக்கும். அந்தச் சிறகு சல்லடையின் மடிப்பில் ஒட்டினால் தட்டியும் வராது, பழைய பல் துலக்கும் பிரஷால்தான் எடுக்க வேண்டும். கண்ணடைப்பு பதிவில் ‘தூசு, மணல், பூச்சிச் சிறகு’ என்று சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, நம் கையேட்டு வரைவில் ‘பூச்சித் தாக்குதல்’ என்று ஒரே சொல் இருக்கிறது. அது வயலுக்குச் சரி. வீட்டுக்குள் இரண்டு வேறு சங்கதிகள் நடக்கின்றன. வெளியிலிருந்து வெளிச்சத்துக்கு வந்து விழுவது ஒன்று. மீன் வரத்து என்பதுபோல் அதைப் பூச்சி வரத்து என்பேன். விளக்கை அணைத்து, சன்னலை அடைத்து, விழுந்ததை உறிஞ்சினால் தீர்ந்தது. அடுப்படியில் கரப்பான் பெருகுவது பூச்சிக் குடியிருப்பு. ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் முட்டைக்கூட்டை ஒடுங்கிய முனையால் உறிஞ்சி எடுக்கலாம், நல்லதுதான். சின்ன இனக் கரப்பானின் ஒரு கூட்டில் 30, 40 முட்டைகள்கூட இருக்கும். ஆனால் சந்துகளை அடைக்காமல், எச்சில் பாத்திரத்தை இரவில் விட்டுவைத்தால் கருவி மட்டும் ஒன்றும் செய்யாது. எறும்புச் சாரையும் அப்படித்தான், ராணி சுவருக்குள் இருக்கிறாள்.

இதில் ஒன்றை மட்டும் தடித்த எழுத்தில் போட வேண்டும். ஈசல் சன்னல் வழியாக வந்தால் வரத்து. கதவு நிலையிலிருந்தோ சுவர் வெடிப்பிலிருந்தோ புறப்பட்டு வந்தால் அது வரத்து அல்ல, வீட்டுக்குள்ளேயே கறையான் குடியிருக்கிறது என்று பொருள். சிறகைக் கூட்டி அள்ளிவிட்டு நிம்மதியாகப் படுத்தால் நிலைக்கதவு போய்விடும். தாக்குதல் என்ற ஒரே சொல்லில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது, என் கவலை அதுதான்.

மருந்து ஸ்பிரே அடித்த கையோடு உறிஞ்சக் கூடாது என்ற எச்சரிக்கையும் வேண்டும். பல ஸ்பிரேக்களில் தீப்பிடிக்கும் வாயு இருக்கிறது, மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷில் பொறி பறக்கும். உறிஞ்சிய பையை அன்றைக்கே வெளியில் கொண்டுபோய்க் கட்டிப் போட வேண்டும். கரப்பான் உள்ளே உயிரோடு கிடந்து திரும்பி வரும்.

– தொண்டியிலிருந்து

*

அக்கா,

வரத்து, குடியிருப்பு இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நிலைக்கதவிலிருந்து கிளம்பும் ஈசலை ‘வரத்து’ பதிவிலேயே விலக்காகக் குறித்து, ‘குடியிருப்பு’ பதிவுக்கு வழிகாட்டுகிறேன். தேடுகிறவர் முதலில் ஈசல் என்றுதான் தேடுவார். ஸ்பிரே எச்சரிக்கை கருவிப் பகுதியின் தொடக்கத்திலேயே வரும்.

கோவை ஐயா, ‘இழுக்கவில்லை’ என்பதைப் புகார்ச் சொல்லாகவே வைத்து, அதன்கீழ் கண்ணடைப்பு, குழாயடைப்பு, பை நிறைவு மூன்றையும் காட்டினால் உங்களுக்குச் சம்மதமா? உறிஞ்சும் பலத்துக்கு ‘உறிவிசை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.

– பாம்பனிலிருந்து