மாகெஷிமா ஓடுதளம்: எதிர்ப்பவர்கள் செய்வது சரியா?

கோத்தகிரி_கொழுந்து:
ஜப்பானில் மாகெஷிமா என்று எட்டு சதுர கிலோமீட்டர் தீவு. 1980இலிருந்து குடியிருப்பு இல்லை. 2019இல் அரசு அதை 1,600 கோடி யென்னுக்குப் பேசி முடித்தது. 2023 ஜனவரியில் ராணுவ ஓடுதள வேலை தொடங்கியது. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் விமானிகள் கப்பலில் இறங்குவதைத் தரையிலேயே பழகிக்கொள்வதற்காம். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தனேகஷிமா தீவில் பலர் எதிர்க்கிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. கப்பல் இருக்கும்போது கரையில் என்ன ஒத்திகை?

குன்னூர்_மாலுமி:
தம்பி, நான் கோவாவில் ஐஎன்எஸ் ஹன்சா என்ற கடற்படை விமான தளத்தில் மெக்கானிக்காக இருந்தவன். சாதாரண ஓடுதளத்தில் விமானி கடைசி நொடியில் மூக்கைத் தூக்கி மெத்தென்று இறக்குவார். கப்பலில் அந்தச் சொகுசு கிடையாது. வந்த சரிவிலேயே தொப்பென்று விழ வேண்டும். வாலடியில் உள்ள கொக்கி குறுக்கே கிடக்கும் கம்பியைக் கவ்வ வேண்டும். சக்கரம் தொட்டதும் பிரேக் பிடிப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, எஞ்சினை முழு விசைக்குத் தள்ளுவார். கொக்கி தவறினால் அப்படியே எழும்பிப் போக வேண்டுமே! இது புத்திக்கு வந்தால் போதாது, கைக்கு வர வேண்டும். நம் கடற்படையின் தேஜஸ் போர் விமானமே 2019 செப்டம்பரில் ஹன்சாவில் தரைக் கம்பியில் பிடித்துப் பார்த்த பிறகுதான் 2020 ஜனவரியில் விக்ரமாதித்யா கப்பலில் இறங்கியது.

கேத்தி_கேரட்:
சார், தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சத்தம் யார் காதில் விழுகிறது? என் அக்கா வீடு சமவெளியில் ஒரு விமான தளத்துக்குப் பக்கம். ஜெட் போனால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அதுவாவது ஒரு தடவை போனால் முடிந்தது. இந்தப் பயிற்சியில் தொட்டு, எழும்பி, ஒரு வட்டம் அடித்து மறுபடி தொடுவார்கள். ராத்திரியிலும்.

குன்னூர்_மாலுமி:
அதற்காகத்தானே ஆளில்லாத தீவு! முன்பு டோக்கியோ பக்கம் அட்சுகி தளத்தில், ஊர் நடுவே பழகினார்கள், வழக்கு மேல் வழக்கு. அப்புறம் நடுக்கடலில் இருக்கும் ஐவோ ஜிமா தீவுக்குப் போனார்கள். இப்போது விமானங்கள் நிற்கும் இவாகுனி தளத்திலிருந்து அது 1,400 கிலோமீட்டர். நடுவழியில் கோளாறு வந்தால் இறங்க இடமில்லை. மாகெஷிமா என்றால் 400தான்.

கோத்தகிரி_கொழுந்து:
ஐவோ ஜிமாவுக்கு ஏன் போனார்கள் என்பதையும் சொல்லுங்கள். 1980களில் முதலில் மியாகே தீவைக் கேட்டார்கள்; அந்த ஊர்க்காரர்கள் முடியவே முடியாது என்று நின்றார்கள். நின்றதால் தப்பித்தார்கள். மாகெஷிமாவில் மான்கள் இருக்கின்றன, அவை எங்கே போய் நிற்கும்?

ஊட்டி_உருளை:
பேசாமல் நம்ம மலையில் ஒன்று கட்டிவிடலாம் அண்ணா. காட்டெருமைகளும் வேடிக்கை பார்க்கும்.

குன்னூர்_மாலுமி:
சிரிப்புக்குச் சரி. ஆறாயிரம் அடியில் காற்று மெலிது. விமானத்தைத் தாங்க இன்னும் வேகமாக வர வேண்டும். கப்பல் இருப்பது கடல் மட்டத்தில். இங்கே பழகினால் தப்பாகத்தான் பழகும். மேகம் வேறு. 2021 டிசம்பரில் நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்ததை இந்த ஊர் மறக்குமா?

கேத்தி_கேரட்:
மறக்காது சார். அன்றைக்குப் போர்வையோடு ஓடியது அந்த ஊர் ஜனங்கள்தான். அவர்களே நாளைக்கு ராத்திரிச் சத்தத்தைப் பற்றிக் கேட்டால் தேசத்துக்கு எதிரி என்பீர்களா? வருஷத்துக்கு எத்தனை ராத்திரி, எத்தனை மணி வரை என்று எழுதிக் கொடுக்கச் சொல்வதில் என்ன தப்பு?

குன்னூர்_மாலுமி:
எழுதிக் கொடுக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ராத்திரி இறங்குவதை இருட்டில்தான் பழக முடியும். கோடையில் அங்கே நன்றாக இருட்டவே எட்டு மணியாகும். ஒன்பதுக்கு முடி என்றால் யாரும் ஒன்றும் கற்க முடியாது.

கோத்தகிரி_கொழுந்து:
அப்படியானால் கோடையை விட்டுவிட்டு வரட்டும் சார். எனக்குக் காலையில் கொழுந்து லாரி ஏழு மணிக்கு. மீதியைச் சாயங்காலம் பேசுவோம்.