இயற்கை மருத்துவம்னா வெறும் பட்டினிதானா?

திருமங்கலத்துக்காரன்: அப்பாவுக்கு சுகர், மாத்திரை போடுறாரு. பக்கத்து வீட்டு அண்ணே இயற்கை மருத்துவம் பாருங்கங்கிறாரு, அங்க என்னதான் பண்ணுவாங்க, கசாயம் குடுப்பாங்களா?

பதில் 1: கசாயம்லாம் சித்தாண்ணே, இதுல மருந்தே கிடையாது. சாப்பாட்ட மாத்துறது, உபவாசம், யோகா, இடுப்புக் குளியல், மண்பட்டி இதான். ஈரமண்ணத் துணியில பரப்பி அடிவயித்துல வைப்பாங்க, மொதல்ல ஜில்லுன்னு தூக்கிப்போடும், அப்புறம் தூங்கிருவீங்க.

பதில் 2: டாக்டர் போர்டுல பிஎன்ஒய்எஸ் போட்டிருக்கான்னு பாருங்க, அதான் இயற்கை மருத்துவம், யோகாவுக்கான பட்டம், ஐந்தரை வருசப் படிப்பு, சென்னை அரும்பாக்கத்துல கவர்மென்ட் காலேஜே இருக்கு. வீடியோ பாத்து டாக்டரானவங்கதான் இப்ப ஜாஸ்தி.

பதில் 3: மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க. மாத்திரையும் போட்டு பட்டினியும் கெடந்தா சில மாத்திரைக்கு சுகர் ரொம்ப எறங்கி மயக்கம் வரலாம், பாக்குற டாக்டர்ட்ட கேட்டுட்டே போங்க.

திருமங்கலத்துக்காரன்: சரிண்ணே. ராத்திரி கொத்து புரோட்டாவ நிறுத்தச் சொல்லுவாங்களா? அதுக்கே மனுசன் வரமாட்டாரு.