வில்லனுக்கு முன்கதை தேவையா? (பாம்பன் பின்னணி, 24 பக்க காமிக்ஸ்)

பாம்பன்_பென்சில்:
24 பக்கம், பக்கத்துக்கு 5 கட்டம். வில்லன் மண்டபம்ங்கிற ஊர்ல ஒரு சம்மாட்டி, அதாவது படகு முதலாளி. பகல்ல மீன் ஏலம், ராத்திரி கடல் அட்டை (கடலடியில ஊர்ற உயிரினம்) கடத்தல். 7 முதல் 10ஆம் பக்கம் வரை முன்கதை: 1964 புயல்ல தனுஷ்கோடியில பெற்றோரை இழந்த சிறுவன். அந்த இடத்துல கதை படுத்துருதுன்னு படிச்சவங்க சொல்றாங்க. பேட்மேனோட எதிரி ஜோக்கர் மாதிரி முன்கதையே இல்லாம விட்டுடலாமா?

தொண்டி_வாசகர்:
ஜோக்கருக்கு முன்கதை இல்லைங்கிறது பாதிதான் சரி. 1940-ல பேட்மேன் முதல் இதழ்ல இல்லை. 1951-ல ரசாயனக் கழிவுல குதிச்சுத் தப்பின திருடன்னு ஒண்ணு கொடுத்தாங்க. 1988 'தி கில்லிங் ஜோக்' அவனைப் பிழைப்பில்லாத காமெடியனாக்குச்சு. ஆனா பழசு தனக்கு ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி ஞாபகம் வருதுன்னு அவன் வாயாலேயே சொல்லவச்சு அதையும் கலைச்சுருச்சு. 2008 'தி டார்க் நைட்' படத்துல வாய்த் தழும்புக்கு ரெண்டு கதை சொல்றான், ரெண்டும் ஒட்டாது.

நம்ம லயன் காமிக்ஸ் ஸ்பைடரை எடுங்க, ஸ்பைடர்மேன் இல்லை. குற்றச் சக்கரவர்த்தி ஆகணும்னு வந்து நின்னான். எங்கிருந்துடா வந்தேன்னு யார் கேட்டா?

கீழக்கரை_பழைய_இதழ்:
4 பக்கம்னா 20 கட்டம், மொத்தத்துல ஆறில் ஒரு பங்கு. அதைத் தூக்கிட்டுப் படிங்க. பின்னாடி வில்லன் செய்ற ஏதாவது ஒரு காரியம் புரியாமப் போகுதா? இல்லைன்னா வெட்டிருங்க.

எக்ஸ்-மென் குழுவோட எதிரி மேக்னெட்டோ 1963-ல வந்தப்போ வெறும் ஆதிக்க வெறியன். 1981-ல எக்ஸ்-மென் 150ஆம் இதழ்ல அந்தக் குழுவுல இருந்த கிட்டி ப்ரைடைக் கொன்னுட்டதா நினைச்சு அப்படியே நிக்கிறான். சின்னப் பொண்ணு. தான் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாம்ல இருந்த பிள்ளைங்கிறது அங்கேதான் வருது. சண்டையை விட்டுட்டுப் போறான். முன்கதை அவன் கையைப் பிடிச்சு நிறுத்துது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் வில்லன் டாக்டர் டூம் வேற வகை: கணக்குத் தப்புன்னு கூடப் படிச்ச ரீட் ரிச்சர்ட்ஸ் சொன்னதைக் கேட்காம இயந்திரத்தை ஓட்டினான், முகம் போச்சு, பழி ரீட் மேல. இன்னைக்கு ஆட்டுவிக்கிற அதே திமிர் அன்னைக்கே இருக்கு.

உங்க புயல் என்ன செய்யுது? பரிதாபம் மட்டும்தான். சூப்பர்மேனோட எதிரி லெக்ஸ் லூதருக்கு 1960-ல சூப்பர்பாயால (சிறுவனா இருந்த சூப்பர்மேன்) முடி கொட்டினதுதான் பகைன்னு வச்சாங்க! 1986-ல அவனைப் பெருமுதலாளியாக்கின பிறகு அந்த வழுக்கைக் காரணம் யாருக்கும் தேவைப்படலை.

மண்டபம்_தூரிகை:
வயசுக் கணக்கும் இடிக்குது தம்பி. 1964-ல 5 வயசுன்னா இப்போ 65 தாண்டின ஆள், நாட்டுப் படகுல தாவிச் சண்டை போடுவானா? மேக்னெட்டோவுக்கும் இதே சிக்கல்தான். அவனை ஒரு கதையில குழந்தையாக்கி, 1977-ல வாலிபனாக்கி வச்சிருந்தது கைகொடுத்துச்சு.

முன்கதைக்குப் புயலை விட்டுட்டு 2001-ஐ எடுங்க. அந்த வருஷம்தான் கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில சேர்த்து, பிடிக்கவும் விற்கவும் தடை போட்டாங்க. அதுவரை குடலெடுத்து, அவிச்சு, மணல்ல புதைச்சு, காயவச்சு விற்றது ஊரறிஞ்ச தொழில். தடை வந்ததும் வில்லனோட கூட்டாளி தொழிலை விட்டுட்டார், இவன் விடலைன்னு வைங்க. அந்த முடிவு இவனோடது, புயல் செஞ்சதில்லை.

ஒரே பக்கம், 4 கட்டம், வசனமே வேண்டாம். பகல், வாடிக் (கரையோர மீன் கொட்டகை) கதவு திறந்திருக்கு, அண்டா கொதிக்குது. சுவர்ல தடை அறிவிப்பு. கூட்டாளி தன் அண்டாவைக் கவுத்துறார். இரவு, கதவு சாத்தியிருக்கு, இவன் அண்டா கொதிக்குது. 14ஆம் பக்கத்துல வைங்க. இடப்பக்கம், தாளைத் திருப்பினதும் கண்ல படும். அதுக்குள்ள அவன் ஒரு கொடுமையாவது செஞ்சிருக்கணும். முன்னாடியே வச்சா வாசகர் அவனை மன்னிச்சுட்டுதான் படிப்பார்.

பாம்பன்_பென்சில்:
அண்ணே, அந்தக் கூட்டாளி நாயகியோட அப்பாவா இருக்கலாமா?

கீழக்கரை_பழைய_இதழ்:
வேண்டாம். 1989 பேட்மேன் படத்துல பேட்மேனா வர்ற புரூஸோட பெற்றோரைக் கொன்னவனே ஜோக்கர்னு முடிச்சுப் போட்டாங்க. ஊரையே மிரட்டுறவன் ஒரு குடும்பப் பகையாளியாச் சுருங்கிட்டான்.

மண்டபம்_தூரிகை:
ஆமா. இன்னொண்ணு: முதல் கட்டமும் நாலாவது கட்டமும் ஒரே கோணத்துல வரைங்க. அவன் அண்டாவுக்கு ஒரு பக்கப் பிடி உடைஞ்சிருக்கட்டும், இல்லைன்னா அதே அண்டாதான்னு பாதிப் பேர் கவனிக்க மாட்டாங்க.