கேராஸ் மருந்து: 39 ஆண்டு காத்திருந்ததற்கு இதுதான் பலனா?

மருதன்:
புற்றுநோயை வளர்க்கும் புரதத்தை முடக்கினால் நோய் அடங்கிவிடும் என்று எத்தனை காலமாகச் சொல்கிறார்கள்! அப்படி ஒரு புரதத்தை உருவாக்கும் கேராஸ் மரபணு மனிதப் புற்றுநோயில் பிடிபட்டது 1982-இல். அதற்கான முதல் மருந்து சோட்டோராசிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2021-இல். நுரையீரல் புற்றுநோயில் டோசிடாக்செல் என்ற பழைய கீமோவோடு ஒப்பிட்ட சோதனையில், நோய் மறுபடி வளராமல் இருந்த காலம் 5.6 மாதம், கீமோவில் 4.5. ஆயுளில் வித்தியாசமே இல்லை. இந்தப் பணத்தை நோயை முன்கூட்டியே கண்டறிவதில் போட்டிருக்கலாம்.

யாழினி:
எண்கள் சரி, முடிவுதான் தவறு. கேராஸ் வழவழப்பான புரதம், மருந்து பற்றிக்கொள்ள அதில் ஒரு பள்ளம்கூட இல்லை என்றே பல ஆண்டுகள் நினைத்தார்கள். 2013-இல்தான் ஒரு சிறு பள்ளம் தெரிந்தது. இந்த மருந்து குறிவைக்கும் பிறழ்ந்த புரதத்தில் 12-ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் சிஸ்டீன் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கும். மருந்து அந்தச் சிஸ்டீனோடுதான் பிணைகிறது, அதனால் நல்ல கேராஸைத் தொடுவதில்லை. கீமோவுக்கு இந்தப் பாகுபாடு தெரியாதே! அப்புறம், இதேபோல் புரதத்தை முடக்கும் இமாட்டினிப் மருந்தை மறந்துவிட்டீர்களா? 2001-இல் வந்தது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு அதை முதல் மருந்தாக எடுத்தவர்களில் சுமார் 83 சதவீதம் பேர் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள்.

மருதன்:
அந்த நோய் பெரும்பாலும் ஒரே கோளாறில் நிற்பது. 9, 22 குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் உருவாகும் ஒற்றைப் புரதம் அது. நுரையீரல் கட்டி அப்படியா? ஒரு கதவை அடைத்தால் வேறு கதவு திறக்கும்.

செவ்வந்தி:
திறக்கும் கதவு எது என்று தெரிந்தால் அதையும் அடைக்கலாமே. பெருங்குடல் புற்றுநோயில் கேராஸை மட்டும் முடக்கினால், செல்லை வளரத் தூண்டும் இஜிஎஃப்ஆர் என்ற இன்னொரு புரதம் விழித்துக்கொள்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்து முடக்கினார்கள். சோட்டோராசிப்போடு, இஜிஎஃப்ஆரை முடக்கும் பனிடுமுமாப் சேர்ந்த சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2025 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. இமாட்டினிப்புக்கு அடங்காத டி315ஐ என்ற மரபணுப் பிறழ்வுக்கும் பொனாட்டினிப் என்ற மருந்து வந்தது.

மருதன்:
சேர்த்துக் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. மருந்து தோற்கும்வரை காத்திருந்து இரண்டாவதைத் தேடுகிறார்களே, அதுதான் என் ஆதங்கம். முதல் நாளிலிருந்தே இரண்டையும் கொடுத்துச் சோதிக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

யாழினி:
அதற்கும் முதலில் எந்தப் புரதம் என்று தெரிய வேண்டும், அதை முடக்கும் மருந்தும் வேண்டும், மருதன். பல புற்றுநோய்களை வளர்க்கும் மிக் என்ற புரதத்தை நேரடியாக முடக்கும் மருந்து இன்னும் ஒன்றுகூட அனுமதி பெறவில்லை. அந்தத் தேடலை நிறுத்தச் சொல்லாதீர்கள்.